பதினேழாம் நம்பர் லெட்ஜர்

எங்கள் வங்கிக் கிளையில் சேமிப்புக் கணக்குகளுக்கென்று இருபத்திரண்டு லெட்ஜர்கள், அதாவது கணக்குப் பேரேடுகள், இருந்தன. அதில் பதினேழாம் நம்பரை மட்டும் வேறு யாரும் தொட மாட்டார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த நான்கு கிராமங்களின் கணக்குகள் அதில். பதினான்கு வருடமாக ஒரே அம்மாதான் அதைப் பார்த்துவந்தார். அவர் லீவு போட்ட நாளில் வேறொருவர் அந்த லெட்ஜரைத் திறந்தால், மறுநாள் வந்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கங்களைச் சரிபார்த்துவிட்டுத்தான் கைப்பையைக் கீழே வைப்பார்.

2006-ல் நான் அங்கே மேலாளராகப் போனேன். தஞ்சாவூர் டெல்டாவில் ஒரு சின்ன ஊர். என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். பக்கத்துப் பெரிய ஊர்க் கிளைகளில் எல்லாம் கணினி வந்து பல வருடம் ஆகியிருந்தது. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் மேல் அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவதற்கு. மற்றதெல்லாம் கைதான். வவுச்சர், ஸ்க்ரோல், டே புக், பித்தளை டோக்கன்.

போய்ச் சேர்ந்த ஐந்தாவது மாதம் சுற்றறிக்கை வந்தது. இன்னும் பத்து வாரத்தில் எங்கள் கிளை கோர் பேங்கிங்குக்கு மாற வேண்டும். எல்லாக் கிளைகளின் கணக்குகளும் ஒரே மையக் கணினியில் இருக்கும். எந்தக் கிளையில் வேண்டுமானாலும் பணம் போடலாம், எடுக்கலாம். தேதி குறித்தாகிவிட்டது.

அன்று சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்துப் பேசினேன். எதிர்க் கடையிலிருந்து டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வரவழைத்திருந்தேன். இனிமேல் அரையாண்டு வட்டி கணக்குப் போட வேண்டாம், மாதாமாதம் லெட்ஜர் பேலன்சிங் வேண்டாம், செப்டம்பர் முப்பதும் மார்ச் முப்பத்தொன்றும் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். “நம்ம எல்லாருக்கும் வேலை ரொம்பக் குறையும்” என்று முடித்தேன். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பஜ்ஜி பாதி அப்படியே இருந்தது.

எல்லோரும் போன பிறகு டஃப்டரி என் அறைக்கு வந்தார். வவுச்சர்களைத் தைத்துக் கட்டி அடுக்குவது அவர் வேலை. அந்தக் கிளை திறந்த நாள் முதல் இருப்பவர். ஜன்னலைச் சாத்திக்கொண்டே, “சார், வேலை குறையும்னு சொன்னீங்க. எத்தனை பேர் குறைவாங்கன்னு கேக்குறாங்க” என்றார்.

நான் நல்ல செய்தி என்று நினைத்துச் சொன்ன அதே வாக்கியம் அவர்கள் காதில் இப்படித்தான் விழுந்திருக்கிறது. எனக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நானே அந்தக் கூட்டத்தில் இருந்து வந்தவன்.

1979-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-ல் முதல் அறிக்கை கொடுத்தபோது, வாயில் கூட்டத்தில் நின்று அதற்கு எதிராகக் கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். அறுபதுகளில் எல்.ஐ.சி.யில் கணினி வருவதை எதிர்த்துக் கல்கத்தாவில் ஊழியர்கள் நடத்திய போராட்டத்தைப் பற்றி எங்கள் சங்கத் தலைவர்கள் கண்கள் மின்னச் சொல்வார்கள். ரங்கராஜனின் இரண்டாவது குழு வந்தது, 1993-ல் சங்கங்களுக்கும் வங்கிகளுக்கும் கணினிமயம் பற்றி ஒப்பந்தமும் ஆனது. அப்புறம் 2000-2001-ல் விருப்ப ஓய்வுத் திட்டம். பொதுத்துறை வங்கிகளில் இருந்து சுமார் ஒரு லட்சம் பேர் ஒரே மூச்சில் வெளியே போனார்கள். அந்த வருடம் எங்கள் கிளையிலும் மூன்று நாற்காலிகள் காலியாயின. அவற்றுக்கு ஆள் வரவே இல்லை. மிச்சம் இருந்தவர்கள்தான் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த மூன்று காலி நாற்காலிகளையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ‘வேலை குறையும்’ என்று நான் பேசியிருக்கிறேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் கூட்டம் எதுவும் போடவில்லை. ஒவ்வொருவர் மேஜைக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். நான் எதுவும் சொல்லப் போவதில்லை, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். பதினோரு பேர் கிளையில் இதற்கு இரண்டு வாரம் ஆனது. பத்து வாரத்தில் இரண்டு வாரத்தை இப்படிப் போக்குவதா என்று வட்டார அலுவலகத்தில் கேட்டார்கள். இப்போது கேட்டாலும் அந்த இரண்டு வாரம்தான் மற்ற எட்டு வாரத்தையும் காப்பாற்றியது என்பேன்.

அப்படித்தான் பதினேழாம் நம்பர் லெட்ஜரை முதல்முறையாகப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும், பெயருக்கும் கணக்கு எண்ணுக்கும் பக்கத்தில், பென்சிலில் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. ‘மாடி வீடு’. ‘வா. கரை’. ‘காது மந்தம், சத்தமாக’. ‘மகன் வந்தால் கொடுக்காதே, அம்மாவைக் கேள்’. ‘இடது கை ரேகை’. என்ன இது என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்சம் பயந்தார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் அதிகாரிகள் லெட்ஜரில் கிறுக்கக் கூடாது என்று சொல்வார்களாம். அதனால்தான் பென்சிலில் எழுதுவாராம், அவர்கள் வரும் வாரம் அழித்துவிட்டு அப்புறம் ஞாபகமாகத் திரும்ப எழுதுவாராம். “வா. கரைன்னா வாய்க்கால் கரை சார். இவரும் அடுத்த பக்கத்து ஆளும் ஒரே பேரு, ஒரே இனிஷியல், ஒரே ஊரு. ரெண்டு பேருக்கும் தாத்தா பேர வச்சுட்டாங்க. அப்பாங்க பேரும் ஒரே எழுத்துல ஆரம்பிக்கும். மாடி வீட்டுக்காரர் செக்கு போடுவாரு, வாய்க்கால் கரைக்காரர் கைநாட்டு.”

கோர் பேங்கிங்குக்கு மாறும்போது ஒரு ஆளுக்கு ஒரே வாடிக்கையாளர் எண்தான் இருக்க வேண்டும். ஒருவருக்கே மூன்று கணக்கு இருந்தால் மூன்றையும் ஒரு எண்ணின் கீழ் கொண்டுவர வேண்டும். பெயர், இனிஷியல், ஊர் மூன்றும் ஒத்துப்போகும் கணக்குகளைச் சந்தேகப் பட்டியல் என்று பிரித்துக் கொடுப்பார்கள். நாங்கள் பார்த்து இணைக்க வேண்டும். அந்தப் பட்டியல் வந்தபோது மாடி வீடும் வாய்க்கால் கரையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அவசரத்தில் யாராவது டிக் அடித்திருந்தால் ஒருவர் பணம் இன்னொருவர் பெயரில் போயிருக்கும். அப்படி நாற்பதுக்கு மேல் ஜோடிகள். எல்லாவற்றையும் அந்த அம்மாதான் பிரித்துக் கொடுத்தார். பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதையும் எழுத்துபூர்வமாகவே அவரிடம் ஒப்படைத்தேன். மற்ற லெட்ஜர்காரர்கள் தங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனார்கள். கணினி வந்தால் தனக்கு இங்கே இடமில்லை என்று முந்தின வாரம் வரை வீட்டில் அழுதுகொண்டிருந்தவர் என்று பின்னால்தான் தெரிந்தது.

தலைமைக் காசாளர் விஷயம் வேறு. ஐம்பத்தேழு வயது. ஒரு கட்டு நோட்டை எண்ணும்போது அவர் கட்டைவிரலைப் பார்க்கவே முடியாது, அவ்வளவு வேகம். கள்ள நோட்டு கையில் பட்டால் எண்ணிக்கை நிற்காமலே அதை மட்டும் ஒருபக்கம் மடக்கி வைப்பார். அவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: “இன்னும் மூணு வருஷம். எனக்கு இதெல்லாம் வேண்டாம் சார். என்னை விட்டுடுங்க.”

வட்டார அலுவலகத்தில் எல்லோருக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு ஹாலில் நாற்பது பேர், இரண்டு பேருக்கு ஒரு கணினி. போய்வந்த பிறகு அவர் இன்னும் இறுகிப்போனார். என்ன நடந்தது என்று மெல்ல விசாரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர், இவர் ஒரு எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே “குடுங்க சார், நான் போட்டுடறேன்” என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாராம். இரண்டு நாளும் அப்படியே. அந்தப் பையன் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் முப்பத்தைந்து வருடமாகக் கோடிக்கணக்கான ரூபாய் புழங்கிய கைகளில் இருந்து ஒரு பொருளைப் பிடுங்கினால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும்?

இந்தப் பிடுங்குதலைத்தான் நான் அதற்குப் பிறகு எல்லா இடங்களிலும் பார்த்திருக்கிறேன். தெரிந்தவருக்குப் பொறுமை போகிறது, தெரியாதவரின் கையில் இருந்து பிடுங்குகிறார். வேலை அந்த நிமிடம் முடிந்துவிடுகிறது. தெரியாதவர் அதற்கப்புறம் கேட்பதே இல்லை.

எங்கள் கிளையில் ஒரு இளம் அதிகாரி இருந்தார். கெட்டிக்காரர், கணினிப் பாடம் படித்து வந்தவர். அவரை அழைத்து, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஷட்டரை இறக்கிவிட்டுக் காசாளர் சாருக்குத் தனியாகச் சொல்லித்தரச் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை. சொல்லித் தரும் நேரம் முழுக்க அவர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாயால் மட்டும்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, கீபோர்டைத் தொடக் கூடாது. முதல் நாள் ஒரு ரசீதைப் பதிவு செய்ய இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்தப் பையனுக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது. இரண்டாவது வாரம் மூன்று நிமிடம். நான் என் அறையில் விளக்கை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். மேலாளர் பார்க்கிறார் என்று தெரிந்தால் அவருக்கு விரல் ஓடாது.

அந்தச் சமயத்தில்தான் ஒன்பதாம் நம்பர் லெட்ஜரில் 63 ரூபாய் இடித்தது. கணக்குகளைக் கணினிக்கு ஏற்றும் முன் ஒவ்வொரு லெட்ஜரின் மொத்தமும், கிளையின் மொத்தக் கணக்கு இருக்கும் ஜெனரல் லெட்ஜரோடு ஒத்துப்போக வேண்டும். மூன்று ராத்திரி தேடினோம். கூட்டல் சரி, வவுச்சர் சரி. 63 ரூபாய் குறைகிறது. இளம் அதிகாரி எல்லா இருப்புகளையும் எக்ஸெல்லில் அடித்தும் பார்த்துவிட்டார். மொத்தம் மாறவே இல்லை. மூன்றாவது ராத்திரி பயிற்சி முடிந்து கிளம்பிய காசாளர் எங்கள் மேஜைப் பக்கம் நின்று, “எவ்வளவு?” என்றார். சொன்னோம். “ஒன்பதால வகுபடுது. எங்கியோ ரெண்டு எண்ணு எடம் மாறியிருக்கு. பக்கம் மாத்துற எடத்தைப் பாருங்க” என்றார்.

இரண்டு இலக்கங்கள் இடம் மாறி விழுந்தால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எனக்கும் ஒருகாலத்தில் தெரிந்ததுதான், மறந்துபோயிருந்தது. ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்கு இருப்பை எடுத்து எழுதும் இடங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனோம். முக்கால் மணி நேரத்தில் கிடைத்தது. முன் பக்கத்தில் 4,270. அடுத்த பக்கத்தின் தலையில் 4,207. ஒரு வயதான அம்மாவின் கணக்கு. அவர் பணத்தில் 63 ரூபாய் குறைந்துபோயிருந்தது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பணத்தைச் சேர்த்து அதற்கான வட்டியையும் போட்டோம். மறுநாள் காசாளரே அந்த அம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து அந்த இளம் அதிகாரி காசாளரிடம் பேசும் விதம் மாறிவிட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி நான் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

சங்கத்தின் கிளைச் செயலாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறாரான மனிதர். ஒரு நாள் நேராக வந்து உட்கார்ந்தார். “சார், எத்தனை போஸ்ட் போகும்? அதை மட்டும் சொல்லுங்க.” எனக்குத் தெரியாது என்றேன். நம்பவில்லை. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று வட்டார அலுவலகத்துக்குப் போன் செய்தேன், அவர் எதிரிலேயே, ஸ்பீக்கரில் போட்டு. அவர்களுக்கும் தெரியவில்லை. அதன் பிறகு அவர் குரல் தணிந்தது. “தெரியாததைத் தெரியும்னு சொல்லாம இருங்க சார். எங்களுக்கு அது போதும்” என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நோட்டீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன். இந்த வாரம் எனக்குத் தெரிந்தவை, தெரியாதவை. தெரியாதவை பக்கம் முதலில் நீளமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து யாரும் பயப்படவில்லை என்பதைக் கவனித்தேன். முன்பு டீக்கடையில் சுற்றிக்கொண்டிருந்த வதந்திகள் அந்தத் தாளுக்குப் பிறகு குறைந்தன. ஒரு வாரம் ஒட்ட மறந்துவிட்டேன். மதியத்துக்குள் கிளையை மூடப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது.

மாறும் நாள் வந்தது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் குழு வந்து இறங்கியது. ராத்திரி முழுக்க டேட்டா ஏறியது. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு இருப்பையும் பிரிண்ட் எடுத்து லெட்ஜரோடு வைத்துப் பார்த்தோம். டஃப்டரியின் வீட்டிலிருந்து எல்லோருக்கும் புளிசாதமும் துவையலும் வந்தன. திங்கட்கிழமை பத்து மணிக்கு முதல் வாடிக்கையாளருக்குப் பணம் கொடுத்தோம். காசாளர்தான் பதிவு செய்தார். கை நடுங்கியது, ஆனால் போட்டுவிட்டார்.

பதினொன்றே காலுக்கு மையக் கணினியோடு இணைக்கும் லைன் போய்விட்டது.

ஹாலில் அறுபது எழுபது பேர். மாத முதல் வாரம், பென்ஷன்காரர்கள் வேறு. திரையில் ஒன்றும் நகரவில்லை. என் அறையில் உட்கார்ந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது கண்ணாடி வழியாக ஊழியர்களின் முகங்களைப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனை வைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம், வாடிக்கையாளர்களோடு நின்றுகொண்டேன். என்ன நடந்தது என்று உள்ளபடி சொன்னேன். எப்போது வரும் என்று தெரியாது, யாரும் வெறுங்கையோடு போக வேண்டாம் என்றேன். மூட்டை கட்டி வைத்திருந்த பித்தளை டோக்கன்களை டஃப்டரி அவிழ்த்தார். ஞாயிற்றுக்கிழமை எடுத்த இருப்புப் பட்டியல் கையில் இருந்தது. அதை வைத்து ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய் வரை என் கையெழுத்தில் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். பதினேழாம் லெட்ஜர் அம்மா பட்டியலோடு என் பக்கத்தில் நின்றார். வந்த முகத்தைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டினார். காசாளர் பழையபடி நோட்டை எண்ணினார். ஒரு பெரியவர், “கம்ப்யூட்டர் இல்லாமலே நல்லாத்தான்யா நடக்குது” என்றார். ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்களும்தான். இரண்டரை மணிக்கு லைன் வந்தது. சாயங்காலம் அத்தனை வவுச்சரையும் பதிவு செய்து முடித்தபோது மணி ஒன்பது. கேஷ் ஒரு ரூபாய் பிசகாமல் சரியாக இருந்தது.

ஏதாவது தப்பு நடந்தால் பழி நம் தலையில் விழுமோ என்ற பயம்தான் எல்லோருக்கும் உள்ளுக்குள் இருந்தது. அந்த மூன்று மணி நேரம் ஒவ்வொரு வவுச்சரிலும் என் கையெழுத்து இருந்ததைப் பார்த்தபோது அது கொஞ்சம் விலகியது என்று நினைக்கிறேன். பொறுப்பை மேலே இருப்பவர் ஏற்றுக்கொள்கிறார் என்று காகிதத்தில் தெரிய வேண்டும். வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பவும் கூடாது.

ஆனாலும் மனதார மாறினார்களா என்றால், அதற்கு நான் காரணம் இல்லை. ஆறேழு வாரம் கழித்து நடந்தது அது. வாய்க்கால் பக்கத்துக் கிராமத்துப் பெண்மணி ஒருவர் செல்போனைக் கையில் பிடித்தபடி வந்தார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அவன் அங்கே உள்ள எங்கள் கிளையில் அப்போதுதான் பணம் கட்டிவிட்டுப் போனில் சொல்லியிருக்கிறான். முன்பெல்லாம் மணியார்டரோ டிராஃப்டோ வந்துசேர நாட்கள் ஆகும். இடையில் அந்த அம்மா வட்டிக்கு வாங்குவார். எங்கள் லெட்ஜர் அம்மா திரையைப் பார்த்து, “வந்துடுச்சும்மா” என்றார். “இப்பத்தானே கட்டுறேன்னான்!” அந்தப் பெண்மணி நம்பவில்லை, மூன்று முறை கேட்டார். அப்புறம் கவுண்டர் கம்பிக்குள் கையை நீட்டி எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மதியச் சாப்பாட்டில் அந்தக் கதையை அவர் எல்லோருக்கும் சொன்னார். நான் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் பேசியும் ஏறாதது அந்தச் சாப்பாட்டு மேஜையில் ஏறியது.

பின்னால் 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்குக்குத் தினசரி இருப்பின் மேல் வட்டி என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. அதற்கு முன் 10-ம் தேதியில் இருந்து மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. பதினோராம் தேதி பணம் போட்டவருக்கு அந்த மாதம் அந்தப் பணத்துக்கு ஒன்றும் கிடையாது. ஏழைகள்தான் இதில் அதிகம் இழந்தார்கள், அவர்கள் பணம் கணக்கில் தங்குவதே சில நாட்கள்தானே. கைக்கணக்கில் தினசரி வட்டி போட்டிருக்கவே முடியாது. எண்பதுகளில் நான் கோஷம் போட்டபோது இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று கோஷம் போட்டதற்காக வெட்கப்படவும் இல்லை. அந்தப் பயத்துக்கும் காரணம் இருந்தது.

எங்கள் கிளையின் மாற்றத்தை வட்டார அலுவலகம் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதம் வந்த அதே வாரம் இன்னொரு கடிதமும் என் மேஜைக்கு வந்தது. அதைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கிளையில் டிராஃப்ட் எழுதுவதற்கென்று ஒருவர் இருந்தார். அமைதியானவர். முத்து முத்தான கையெழுத்து. இருபது வருடமாக அந்தக் கிளையில் இருந்து கல்லூரிக்கும், நெல் வியாபாரிக்கும், வேலை விண்ணப்பத்துக்கும் போன டிராஃப்ட் அத்தனையும் அவர் எழுத்துதான். ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுத அவரிடம்தான் கொடுப்பார்கள். நான் ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்தபோது அவர் மேஜையிலும் உட்கார்ந்தேன். எதைக் கேட்டாலும் “சரி சார்” என்றார். பயிற்சிக்குப் போனார், சரியாகக் கற்றுக்கொண்டார். எதிர்ப்பு இல்லை, கேள்வி இல்லை. முரண்டு பிடித்தவர்களைச் சரிக்கட்டுவதிலேயே என் கவனம் முழுக்க இருந்தது. இவரைப் பற்றிக் கவலையே இல்லை என்று வட்டார அலுவலகத்தில் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

மாறிய நாளில் இருந்து டிராஃப்ட் பிரிண்டரில் வந்தது. அவர் அதைக் கிழித்துக் கையெழுத்துக்கு என்னிடம் கொண்டுவருவார். நான் போட்டுக் கொடுப்பேன். நான்காவது மாதம் வேலையை விட்டு விலகும் விண்ணப்பம் கொடுத்தார். குடும்பக் காரணம் என்று எழுதியிருந்தார். ஒரு பக்கக் கடிதம். ஒரு அடித்தல் இல்லை, ஒரு எழுத்து கோடு தாண்டவில்லை. அதைப் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கையெழுத்தைப் பற்றி அந்த நான்கு மாதத்தில் நான் ஒரு வார்த்தைகூட அவரிடம் பேசவில்லை. கணினி அதை எடுத்துக்கொண்டது, அது போனது போனதுதான், அதற்கு ஈடாக அவருக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் போகிறது என்று தெரிந்திருந்தும் யாரும் அதைச் சொல்லவில்லை. கடைசியாக அவர் கையால் எழுதிய டிராஃப்ட் எது என்றுகூட யாரும் பார்க்கவில்லை. பேசிப் பார்த்தேன், வீட்டுக்கும் போனேன். “சரி சார், யோசிக்கிறேன் சார்” என்றார். போய்விட்டார்.

அதன் பிறகு நான் வேலை பார்த்த இடங்களில் இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொண்டேன். எது நின்றுபோகிறதோ, அதைச் செய்தவரை அழைத்து, கடைசியாக ஒருமுறை செய்யச் சொல்லி, எல்லோரும் சுற்றி நின்று பார்ப்போம். சிலருக்கு இது சடங்கு மாதிரித் தோன்றியிருக்கலாம். சாவு வீட்டில் எதற்குச் சடங்கு வைத்திருக்கிறோமோ அதே காரணம்தான்.

பதினேழாம் நம்பர் லெட்ஜரை அப்படித்தான் மூடினோம். கணக்குகள் எல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்து, பழைய லெட்ஜர்களை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பும் நாள் வந்தபோது, அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் கடைசிப் பதிவுக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டு, ‘கணினிக்கு மாற்றப்பட்டது’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். நானும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். டஃப்டரி அதைத் துணியில் சுற்றிக் கட்டினார்.

பென்சில் குறிப்புகள் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு என்னைத் தன் திரைக்கு முன்னால் அழைத்துப்போனார். ஒவ்வொரு கணக்கிலும் குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதாம். யாரும் பயன்படுத்தாத கட்டம். கண்டுபிடித்தது அவரேதான். தினம் மூன்று மணிக்கு மேல் பத்துப் பத்தாக ஏற்றிக்கொண்டிருந்தாராம். தமிழ் அடிக்க வழியில்லாததால் ஆங்கில எழுத்தில் தமிழ்.

நான் 2014-ல் ஓய்வு பெற்றேன். 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்தபோது எங்கள் வங்கியும் அதில் ஒன்று. ஊரடங்கு நேரம். பழைய கணக்குகளை மறுபடியும் வேறொரு கணினிக்கு மாற்றும் வேலை தொடங்கியது. ஒரு நாள் போன் வந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அந்த இளம் அதிகாரி, இப்போது அந்த வேலையில் ஒரு குழுவுக்குத் தலைவர். தன்னிடம் இருக்கும் பையன்களுக்கு ஒரு சந்தேகம் என்றார். அந்தக் கிளையின் கணக்குகளில் நூற்றுக்கணக்கான குறிப்புகளில் ‘வாய்க்கால் கரை’ என்றும் ‘மாடி வீடு’ என்றும் ஆங்கில எழுத்தில் இருக்கிறதாம். தேவையில்லாத டேட்டா என்று நீக்கிவிடலாமா என்று கேட்கிறார்களாம்.

“நீ என்ன சொன்னே?” என்று கேட்டேன்.

“யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன் சார். அந்தம்மா நம்பர் உங்ககிட்ட இருந்தா குடுங்க. பசங்களை அவங்ககிட்ட பேச வைக்கணும்.”